தண்ணீர் எங்களுக்கும் ஆகும்

ஆக்லாந்துக்கு வந்த புதிதில் என்னை மிகவும் திகைக்க வைத்தது, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்த ஊர்ப் பெற்றோர் செய்யும் ஒரு காரியம். எட்டு வயதுப் பிள்ளையைக் குளியல் தொட்டியைவிடச் சற்றே பெரிய படகில் தனியாக உட்கார வைத்துக் கடலை நோக்கித் தள்ளிவிடுவார்கள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். படகில் ஒரு பாய், ஒரு சுக்கான், உள்ளே ஏறும் தண்ணீரை இறைக்க அடியை வெட்டிய பழைய பால் கேன். அவ்வளவுதான். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளுமாம்.

பள்ளித் தோழி கூப்பிட்டாள் என்று என் மகள் இனியாவும் ஒரு ஞாயிறு கிளம்பினாள். அவளுக்கும் எட்டு வயது. "நானும் கூட ஏறிக்கொள்கிறேன்" என்று பயிற்சியாளர் ஜோவிடம் கேட்டேன். வெயிலில் காய்ந்து சிவந்த, ஐம்பதைத் தாண்டிய பெண்மணி அவர். "படகில் ஒருவருக்குத்தான் இடம். உங்கள் வேலை சாண்ட்விச் கொண்டுவருவது" என்றார், சிரிக்காமல். என் பிள்ளை அலைமேல் போவதைப் பார்த்தபடி மணலில் நின்றேன். கையிலிருந்த சாண்ட்விச் பிசைந்த மாவாகியிருந்தது.

நான் வளர்ந்தது மண்ணூர்பேட்டையில். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். தண்ணீர் என்றால் எங்களுக்குக் குடத்தில் பிடிப்பது, லாரியில் வருவது, வராவிட்டால் சண்டை போடுவது. நான் எட்டாவது படித்தபோது ஒரு மழைக்காலத்தில் அது தானாகவே வீட்டுக்குள் வந்தது. கட்டில் மிதந்தது, கேஸ் சிலிண்டர் மிதந்தது. அண்ணன் சேகர் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் தெருக்கோடி மாடிவீட்டை நோக்கி நடந்தான். எங்களுக்கு முன்னால் போனவர் எதிர்வீட்டு விமலா அக்கா, எனக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பவர். "பசங்களா, பாத்து வாங்க" என்று திரும்பிச் சொன்னார். அடுத்த அடியில் அவர் இல்லை. மூடியில்லாத கால்வாய் அது. அண்ணன் பாய்ந்து கையை நீட்டினான். அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் மெரினாவுக்குப் போனாலும் கால் நனைக்க விடமாட்டார்கள். "தண்ணி நமக்கு ஆவாது" என்பான் அண்ணன், சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதுபோல.

அந்த வீட்டிலிருந்து வந்தவள்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். புலம்பெயர்ந்த ஊரில் உங்கள் பிள்ளையும் ஒருநாள் பாய்ப்படகுப் போட்டிக்குப் போகிறேன் என்று வந்து நிற்கலாம். வேண்டாம் என்று சொல்ல நம்மிடம் நூறு காரணங்கள் தயாராக இருக்கும். அனுப்புங்கள். ஆனால் சில பழக்கங்களை மட்டும் விட்டுவிட்டு அனுப்புங்கள். "வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசா எடு" என்று பள்ளிச் சட்டை வாங்கிய கையால் லைஃப் ஜாக்கெட் வாங்காதீர்கள். பெரிய ஜாக்கெட் தலைக்கு மேலே கழன்று போகும். இன்றைய உடம்புக்கு இன்றைய அளவுதான். புதுப் படகும் வேண்டாம். கயிற்றைப் பிள்ளையே முடிச்சுப் போடட்டும், அவிழ்ந்தால் பிள்ளையே திரும்பப் போடட்டும். சோறு ஊட்டிவிடும் பாசத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். காய்ந்த துண்டும் சூடான பாலும் போதும். எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம், கரையில் வாயை மூடிக்கொண்டு நிற்பது. போட்டி நடக்கும்போது வெளியாள் யோசனை சொல்வது விதிப்படி தவறு. இது தெரியாமல் முதல் போட்டியில் "இழு, இழுடி!" என்று நான் கத்தியதில் கடற்கரையே திரும்பிப் பார்த்தது. ஜோ என்னிடம் வந்து, "என்ன சொன்னீர்கள் என்று புரியவில்லை. அதனால் இந்த ஒருமுறை விட்டுவிடுகிறேன்" என்றார்.

சக பெற்றோரில் கிரெய்க் என்றொருவர். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். "உங்கள் மக்களுக்குத் தண்ணீர் அவ்வளவாகப் பழக்கமில்லை, இல்லையா?" என்று ஒருநாள் கேட்டார். "நாங்கள் தேடிப் போகவில்லை. அதுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது" என்றேன். நகைச்சுவை என்று எண்ணி உரக்கச் சிரித்தார். நான் விளக்கவில்லை. பழக்கமில்லையா, பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமே முப்பத்தாறு வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். என் வகுப்பில் மற்ற எல்லாருக்கும் வயது ஐந்து.

இனியாவுக்குப் பத்து வயதானபோது காற்று பலமாக அடித்த ஒரு போட்டி நாளில், அதே கிரெய்க் என் பக்கத்தில் வந்து, "உங்கள் பெண் நீந்தப் போய்விட்டாள்!" என்றார். "இல்லை, இன்று நீச்சல் வகுப்பு கிடையாது, படகுப் போட்டிதான்" என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் கடலை நோக்கிக் கையை நீட்டினார். தூரத்தில் ஒரு படகு வயிற்றைக் காட்டிக் கிடந்தது. நீந்தப் போவது என்றால் இவர்கள் மொழியில் கவிழ்வது!

செருப்போடு முழங்கால் வரை கடலில் இறங்கிவிட்டேன். ஜோவின் மோட்டார் படகு அருகே போனது, ஆனால் தொடவில்லை. கவிழ்ந்த படகின் ஓரத்தில் ஒரு சிறிய தலை தெரிந்தது. ஒரு கை உயர்ந்து, வேண்டாம் என்று ஆடியது. இனியா சுற்றி நீந்திவந்து, அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையைப் பிடித்துத் தன் எடை முழுவதையும் அதன்மேல் போட்டாள். படகு தயங்கியது. பிறகு பாயிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டு நிமிர்ந்தது. ஏறி உட்கார்ந்தவள் பால் கேனை எடுத்து இறைக்கத் தொடங்கினாள். இறைத்தாள், இறைத்தாள், இறைத்துக்கொண்டே இருந்தாள். கத்தவில்லை நான். அழுதேன், அதற்கு விதியில் தடையில்லை.

கடைசியாக வந்தாள். எத்தனையாவது என்று கேட்காமல், "பசிக்குதா?" என்றேன்.

"அம்மா, நான் கவுந்தேன், பாத்தியா! நானே தூக்குனேன்!"

அழுதுகொண்டே போனில் பிடித்திருந்த காணொளியைப் பெருமையாக அண்ணனுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, வெள்ளானூரில் அவன் புதிதாக வாங்கியிருந்த அடுக்குமாடி வீட்டில், சாப்பாட்டுத் தட்டின் முன் வந்தது அந்தப் பதில்.

"இன்னா ரேவதி, புள்ளய கடல்ல வுட்டுட்டு கரைல நின்னு படம் புடிச்சிகினு கீற? ஜாதகம் பாத்தேன். பன்னண்டு வயசு வரைக்கும் தண்ணில கண்டம் கீதாம். இத்தோட நிறுத்திக்க."

"கண்டம் தண்ணில இல்லண்ணா. மூடி போடாத கால்வாய்ல இருந்துச்சு. அத மூடுங்கடான்னு எந்த ஜோசியராவது போய்க் கேட்டாரா? நம்மதான் கேட்டமா? தண்ணி ஆவாது, தண்ணி ஆவாதுன்னு சொல்லிகினு ஊட்டுக்குள்ள குந்திகினோம். என் பொண்ணு குந்தமாட்டா."

அண்ணி பரிமாறுவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "விமலாக்கா வளையல் என் விரல்ல பட்டுச்சு ரேவதி" என்றான். இத்தனை வருடங்களில் இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் என் பேச்சைத் திரும்பப் பெறவில்லை.

மறுநாள் மாலை இனியாதான் அவனை இழுத்துக்கொண்டு போனாள். ஆவடிப் பக்கம் ஓர் ஏரியில் பெடல் படகு விடுகிறார்கள். கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட்டை அண்ணன் பேருக்கு மாட்டிக்கொள்ள, அவள் வாரை இழுத்து இறுக்கினாள்.

"மாமா, லூஸா இருந்தா வேஸ்ட்."

"மூச்சு முட்டுது கண்ணு!"

"முட்டணும்."

நான் கரையிலேயே நின்றேன். அதுதான் எனக்குப் பழக்கமாகிவிட்ட இடம். அண்ணன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலால் மிதித்துக்கொண்டு போனான். ஏரி நடுவில் படகு நின்றது. என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தேன். அண்ணன் மெல்லக் குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு வைத்திருந்தான். இறங்கியதும், "ஒண்ணியும் பண்லையே" என்றான், ஏதோ ஒரு நாயைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தவன்போல.

ஆக்லாந்து திரும்பியதும் இனியாவுக்குச் சொந்தமாக ஒரு பழைய படகு வாங்கினோம். இங்கே படகுக்குக் கட்டாயம் பெயர் வைப்பார்கள். அவளே தூரிகை எடுத்துப் பின்புறத்தில் கொழுகொழுவென்ற தமிழ் எழுத்தில் 'ஏரி' என்று எழுதினாள். கேட்பவர்களுக்கு வாசித்துக் காட்டினால், காற்றோட்டமானது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகச் சிலர் காதில் விழுகிறது, அமானுஷ்யமானது என்பதாகச் சிலர் காதில். ஆங்கிலத்தில் எழுதிவிடுங்களேன், அறிவிப்பாளருக்கு எளிதாக இருக்குமே என்றார் கிரெய்க். "அவர் கற்றுக்கொள்ளட்டும்" என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

போன ஞாயிறு போட்டிக்குப் படகுகள் வரிசைகட்டி நின்றன. அவள் பாயில் இந்த நாட்டைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்து. அதற்குக் கீழே, அலை தொட்டுத் தொட்டு விலகும் இடத்தில், என் ஊரின் இரண்டெழுத்து. தொடக்கக் கொம்பு ஒலித்தது. பசிபிக் பெருங்கடலின் மேல் ஓர் ஏரி சாய்ந்து, காற்றைப் பிடித்து, கரையை விட்டு விலகிப் போனது.