பெஞ்சு மேல் நான்காவது இடம்

புரூஃப் தாளில் நான்காம் பக்கத்தைத் திருப்பியதும் ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். ஐந்து. மறுபடியும் எண்ணினேன். ஐந்துதான். என் பீரோவில் இருக்கும் அசல் வகுப்புப் படத்தில் எங்கள் தலைக்குப் பின்னால் ஏழு கம்பிகள் உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இருபத்தெட்டு வருடம் கழித்து நாங்கள் கூடுகிறோம். அதற்காக ஒரு மலர் அச்சாகிறது. அச்சகம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியுடையது, சிவகாசியில். காலண்டர் சீசன் என்பதால் மறுநாள் காலை இரண்டு மணி நேரம்தான் மிஷின் காலி. அன்று மாலைக்குள் புரூஃபில் கையெழுத்துப் போட்டால் பிளேட் போட்டுவிடுவார்கள். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவள் என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். அது அவர்கள் செய்த பிழை.

"படத்தைச் சுருக்கியிருக்கீங்களா?" என்று டிசைன் செய்யும் பெண்ணிடம் கேட்டேன்.

"சுருக்கலக்கா. மேல் வரிசையில நடுவுல பல்லு விழுந்த மாதிரி ஒரு சந்து இருந்துச்சு. நெருக்கி வச்சுட்டேன். ஒட்டுனதே தெரியாது, பாருங்க."

உண்மைதான், தெரியவில்லை. பெஞ்சு மேல் நின்ற வரிசையில் மூன்றாவதாக நான். எனக்கு அடுத்து அச்சகத் தோழி, தோளோடு தோள் உரசி நிற்கிறாள். நாங்கள் அப்படி நிற்கவே இல்லை.

அன்றைய டைரியும் என்னிடம் இருக்கிறது. படம் எடுத்தது வெள்ளிக்கிழமை, இரண்டாம் பீரியட். எங்கள் இருவருக்கும் நடுவில் நான்காவதாக நின்றவள் வகுப்பிலேயே உயரமானவள். அந்த வருடம் அவள் அம்மாவுக்குக் கை ஒடிந்ததால், வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் வேலையை இரண்டு மாதம் அவள் பார்த்தாள். வருகை குறைந்தது, பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். அது தெரிந்தும் அன்று பச்சைத் தாவணி கட்டிக்கொண்டு வந்து, பெஞ்சில் ஏறி நின்றாள். தலைமையாசிரியை நாற்காலியில் இருந்தபடியே திரும்பிப் பார்த்து, விரலை அசைத்துக் கீழே இறங்கச் சொன்னார். இறங்கினாள். கேட்டைத் தாண்டும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏ பிள்ளைகளா, நெருங்கி நில்லுங்க. நடுவுல என்ன, பஸ்ஸா போகப் போகுது?" என்றார் போட்டோக்காரர்.

யாரும் நெருங்கவில்லை. பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல. நான் நகரவில்லை, சந்துக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் நகரவில்லை, அவ்வளவுதான்.

"ரிஜிஸ்டர்ல இல்லாத ஆளுக்கு இடம் எதுக்கு?" என்றார் தலைமையாசிரியை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. போட்டோக்காரருக்கு இன்னும் மூன்று வகுப்பு பாக்கி. அப்படியே எடுத்தார். பெஞ்சு வரிசை முழுக்கத் தண்டனையாக மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்றோம். கிழமைக்கும் பீரியடுக்கும் கீழே டைரியில் அன்றைக்கு ஒரே வரிதான்: "நெருங்கவில்லை."

அந்தப் பக்கம் நகராமல் நின்றவள்தான் இப்போது அச்சகம் வைத்திருப்பவள். அவளைக் கூப்பிட்டேன்.

"நெருக்கச் சொன்னது நீயா?"

"நான்தான். அதுக்கு என்னடி?" என்றாள். "யாரு சிறப்பு விருந்தினர் தெரியும்ல? அதே ஹெட்மிஸ்ட்ரஸ்தான். எண்பது வயசுல மேடையேறி வாராக. அன்னைக்கு நம்ம பண்ணுன வம்பை அவங்க கையிலயே கொடுக்கணுமாக்கும்?"

"கொடுக்கணும்."

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவ. என் பேத்தி அந்த ஸ்கூல்லதான் படிக்கப் போறா."

"அப்ப அவளுக்காகவும்தான்."

"கிறுக்கச்சி. அன்னைக்கும் இப்படித்தான் மரம் மாதிரி நின்ன."

"நீயும்தான நின்ன?"

அவள் உள்ளே போய் இரண்டு டீக்குச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்குள் நான் பக்கத்து ஊரான நாரணாபுரத்துக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருந்தேன். கீழே இறக்கப்பட்டவள் அங்கேதான் இருக்கிறாள். மறு வருடம் தனியாகத் தேர்வு எழுதித் தேறியவள். இன்று ஒரு பட்டாசு ஆலையின் பேக்கிங் பிரிவில் நாற்பது பெண்களுக்குச் சூப்பர்வைசர். வேலை முடிந்து, கம்பெனி வேனில் வந்து அச்சக வாசலில் இறங்கியபோது மணி ஆறு பத்து.

"எம்புட்டு நாளாச்சு! வா புள்ள," என்று அச்சகத் தோழி எழுந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. புரூஃபை மறைக்கப் பார்த்தாள். நான் எடுத்து நீட்டினேன்.

வந்தவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "நல்லா ஒட்டியிருக்கீகளே. நான் ஒட்டுன தீப்பெட்டி கூட இம்புட்டு சுத்தமா இருக்காது."

அச்சகத் தோழிக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, தப்புதான். இப்ப சரி பண்ணிருவோம். உன் போட்டோ ஒண்ணு கொடு. வயசைக் குறைச்சு, பச்சைத் தாவணி போட்டு, அந்த இடத்துலயே உன்னைய நிக்க வச்சிரலாம். பத்து நிமிஷ வேலை."

எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"வேண்டாம்," என்றாள் வந்தவள். "நான் அங்கன நிக்கல. நிக்க விடல. இப்ப நீங்க என்னைய நிக்க வச்சிட்டா, அவங்க இறங்கச் சொன்னதே இல்லைன்னு ஆயிரும்ல? நீங்க மூணு நாள் வெளியில நின்னதும் இல்லைன்னு ஆயிரும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"அந்தச் சந்து அப்படியே இருக்கட்டும். கீழ பேரை மட்டும் போடு."

டிசைன் செய்யும் பெண் பழைய படத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். படத்துக்குக் கீழே பெயர்களை இடமிருந்து வலமாக நான் சொல்லச் சொல்ல அடித்தாள். நான்காவது பெயர் வந்ததும், அதற்குப் பக்கத்தில் "அன்று வரவில்லை" என்று போடட்டுமா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அச்சகத் தோழி குனிந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வந்தா. பெஞ்சு மேல ஏறி நின்னா. நான் பக்கத்துல இருந்தேன்," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்: 'வந்திருந்தார். நிற்க அனுமதிக்கவில்லை.'

அடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பிழை இருக்கா பாரு, டைரிக்காரி."

இல்லை. புதிய புரூஃப் வந்ததும் கம்பிகளை எண்ணினேன். ஏழு. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். தலைமையாசிரியைக்கு உரிய பிரதியை மேடையில் யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. நான் கொடுப்பதாகச் சொல்லி, நிகழ்ச்சி நிரலில் அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.