மாமியின் பங்குத் தேத்தண்ணி

தேத்தண்ணி குடித்தே தொண்டு செய்தவள் நான். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். இன்று வைத்தியர் எனக்கும் சீனியைத் தடுத்துவிட்டார். ஆனாலும் யாராவது ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தினால் போதும், மாமியின் ஞாபகம் வந்துவிடும்.

மாமி அப்பாவின் தங்கை. நீரிழிவுக்காரருக்கு உதவும் ஒரு சங்கத்துக்காக வீடுவீடாகப் போய் நிதி சேர்ப்பார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்சுலின் வாங்கிக் கொடுப்பது அந்தச் சங்கத்தின் வேலை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உண்டியலோடு கூட வருவார். சனிக்கிழமைகளில் அவர்களுக்கு உதவியாக, அப்போது சின்னப்பிள்ளையான நானும் போவேன். படலை திறப்பது, நாய் நிற்கிறதா என்று எட்டிப்பார்ப்பது எல்லாம் பெயருக்குத்தான். என் உண்மையான உத்தியோகம் வேறு.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பமாட்டார்கள். சீனி வருத்தத்துக்கு நிதி கேட்டுப் போனாலும் சீனியை அள்ளிப் போட்ட தேத்தண்ணிதான் வரும். வாத்தியாருக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. "எனக்குச் சலரோகம், பச்சைத்தண்ணி தாங்கோ" என்று படலையிலேயே சொல்லிவிடுவார். மாமியால் அப்படிச் சொல்ல முடியாது. அவருக்கும் அதே வருத்தம்தான். ஆனால் அவருடைய மகள், என் மச்சாளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. தாய்க்குச் சீனி என்று தெரிந்தால், நாளைக்கு மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்களோ என்று மாமி பயந்து செத்தார். ஏற்கெனவே வந்த சம்பந்தங்கள் வேறு ஏதேதோ சாட்டில் குழம்பிப் போயிருந்தன.

ஆகவே தேத்தண்ணி வந்ததும், "இவளுக்குத் தேத்தண்ணியெண்டா உயிர்" என்று சிரித்தபடி மாமி தன் கோப்பையை என்னிடம் தள்ளிவிடுவார். காரணமெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மாமிக்கு என்னில் அவ்வளவு பட்சம் என்றே நினைத்தேன். வீட்டில் அம்மா அரைக் கோப்பைக்கு மேல் தரமாட்டார்.

ஒருநாள் நீர்வேலிப் பக்கம் போனோம். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஒழுங்கையில் திரும்பியதும் மாமியின் நடை தயங்கியது. அதன் கடைசி வீடு, பேச்சில் இருந்த மாப்பிள்ளையின் வீடு. போகவும் பயம், போகாமல் திரும்பினால் மரியாதையுமில்லை. "வாறது வரட்டும்" என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

மாப்பிள்ளையின் தாயார் வாசலுக்கே வந்து கூப்பிட்டார். பால் தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் வந்தன. என் கோப்பையை ஒருவழியாக முடித்தேன். மாமியின் கோப்பையும் வந்துசேர்ந்தது. அன்று ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் குடித்துக் குடித்து என் வயிறு தளும்பிக்கொண்டிருந்தது.

"மாமி, எனக்கு ஏலாது" என்றேன்.

"பிள்ளையை விடுங்கோ, நீங்கள் குடியுங்கோ. சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்றார் அந்த அம்மா.

"ஓமோம், நல்லாக் காணும்" என்று சொல்லி மாமி மடமடவென்று குடித்தார். பணியாரத்தையும் கடித்தார். முகத்தில் சிரிப்பு குறையவேயில்லை. அந்த அம்மா மட்டும், "நான் இப்பத்தான் குடிச்சனான்" என்று ஒன்றையும் தொடவில்லை. நாங்கள் எழும்பியபோது உண்டியலுக்குள் பெரிய தாளொன்றை மடித்துப் போட்டார். "பாவங்கள், ஊசி போடுற பிள்ளையள்" என்றபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

ஒழுங்கை தாண்டியதும் வாத்தியார் வெடித்தார். "உங்களுக்கென்ன விசரே? வருத்தத்தை ஒளிக்காதேங்கோ எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, உதென்ன வேலை?"

"பிள்ளையின்ரை அலுவல் ஒப்பேறட்டும், வாத்தியார். பிறகு மைக் பிடிச்சுச் சொல்லுறன்" என்ற மாமி, மதகில் உட்கார்ந்து அழுதார். போத்தல் தண்ணீர் முழுவதையும் குடித்தார். எந்த வருத்தம், யாருடைய வருத்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் அந்தக் கோப்பையைக் குடிக்காததில் மாமிக்குக் கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாணம் ஒப்பேறியது. மருதனார்மடத்தில் ஒரு மண்டபத்தில் சனமெல்லாம் சாப்பிட்டு முடிந்தபின், கடைசிப் பந்தியில் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் நான். பாயாசம் வந்தது. மாமி வழக்கம்போலத் தன் கோப்பையைத் தள்ளினார். "இவளுக்குப் பாயாசமெண்டா உயிர்."

அதே நேரம் மறுபக்கத்திலிருந்தும் ஒரு கோப்பை வந்து என் இலையோரம் நின்றது. "இதையும் குடி, பிள்ளை" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

இருவரும் கோப்பைகளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்களுமோ?" என்று மாமி மெல்லக் கேட்டார்.

"ஓம். கனகாலம்."

என் தலைக்கு மேலால் கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரே பந்தியில் மூன்று கோப்பைப் பாயாசம்! இந்தப் புதுச் சொந்தத்துக்கும் என்னில் எவ்வளவு விருப்பம் என்று பூரித்துப்போய், ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டிருந்தேன்.