ஜிகுலிக்காக நின்ற வரிசை

அமெரிக்காவில், பிளசன்டனில் எங்கள் வீட்டு கராஜில் இரண்டு கார் நிற்க இடம் உண்டு. அதில் ஒன்றை நான்கு வருடமாக ஒரு பழைய சோவியத் கார் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் மனைவியின் கார் வெளியே வெயிலில் காய்கிறது. வீட்டுக்கு விருந்துக்கு வருகிறவர்களைச் சாப்பாட்டுக்கு முன்னால் கராஜுக்கு அழைத்துப் போய், அந்த வண்டியின் சரித்திரத்தைச் சொல்லாமல் விடமாட்டேன். பசியோடு நிற்கிறவர்கள் தலையை ஆட்டிக் கேட்பார்கள், பாவம்.

இத்தாலிக்காரர்கள் வடிவமைத்த சாதாரணக் குடும்பக் கார் அது. சோவியத்காரர்கள் அதை வாங்கித் தங்கள் ஊர் ரோட்டுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். தகட்டைத் தடிமனாக்கினார்கள், வண்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கினார்கள், எஞ்சினை மாற்றினார்கள். பனியில் பேட்டரி செத்துப்போனால் கையால் சுற்றிக் கிளப்ப ஒரு ஹேண்டிலும் கொடுத்தார்கள். ஜிகுலி என்று பெயர் வைத்தார்கள். லட்சக்கணக்கில் செய்து தள்ளியும் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கவில்லை.

இதை வாங்கியது என் மகளுக்காக. அப்போது அவளுக்குப் பதினாறு வயது, ஏதாவது ஒரு பழைய வண்டியைத் தானே பிரித்து மாட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சான் ஹோசேயில் இதை விற்பதாக விளம்பரம் பார்த்தேன். போட்டோவைப் பார்த்ததும் குதித்தேன். எண்பதுகளில் நம் ஊரில் வந்த 118 NE காரும் இதே வண்டிதான்! சென்னையில் என் முதல் மேனேஜர் அதில்தான் ஆபீஸ் வருவார். புதுப்பேட்டையில் பார்ட்ஸ் கொட்டிக் கிடக்கும், நமக்கு என்ன கவலை என்று நினைத்தேன்.

என் அண்ணனை விரட்டி, புதுப்பேட்டை முழுக்க அலையவிட்டு, ஒரு வாட்டர் பம்ப்பும் கார்புரேட்டரும் வாங்க வைத்தேன். ஊரிலிருந்து வந்த நண்பர் பெட்டியில் முறுக்குப் பாக்கெட்டுகளுக்கு நடுவே அவை வந்து சேர்ந்தன. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வெளித்தோற்றம்தான் ஒன்று, நம் ஊர் வண்டிக்கு உள்ளே இருந்தது ஜப்பான் எஞ்சின். மகள் கராஜ் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு வந்த எரிச்சலில் பம்ப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவள்தான் எடுத்துத் துடைத்து ஷெல்ஃபில் வைத்தாள்.

வண்டியை எங்களுக்கு விற்றவர் கணவரை இழந்த ஒரு ரஷ்யப் பெண்மணி. கணவர் வேலை செய்த இடத்தில் பெயர் எழுதிவைத்துவிட்டு ஒன்பது வருடம் காத்திருந்தார்களாம். ஒரு நாள் தபால் கார்டு வந்ததாம், வந்து எடுத்துக்கொள் என்று. நிறத்தையெல்லாம் கேட்க முடியாது, கொடுத்ததை ஓட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். தெருவில் நிறுத்தினால் வைப்பரைத் திருடிவிடுவார்கள் என்பதால் அந்த அம்மா அதைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வாராம். அமெரிக்கா வந்தபோது வண்டியையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்களாம்.

இதை விருந்தாளிகளிடம் நடித்தே காட்டுவேன். "ஒரு காருக்கு ஒன்பது வருஷம் க்யூ! என்ன தேசங்க அது?" என்று ஒருமுறை நான் சிரித்தபோது, பின்னால் தட்டுகளோடு வந்த என் மனைவி எல்லார் முன்னாலும் கேட்டாள்: "நாம பதிமூணு வருஷமா எந்த க்யூல நிக்கறோம்?"

யாரும் சிரிக்கவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அதே வரிசையில் நிற்பவர்கள்.

கிரீன் கார்டு வரிசை. மாதாமாதம் ஒரு தேதி வெளியிடுவார்கள். நம் விண்ணப்பத் தேதி அதற்கு முன்னால் இருந்தால் அடுத்த கட்டம், இல்லையென்றால் அடுத்த மாதம் பார். இரண்டு வாரம் முன்னே நகரும், பிறகு மூன்று வருடம் பின்னே போகும். எனக்கு மட்டும் என்றால் போகட்டும் என்று இருந்திருப்பேன். என் மகள் நான்கு வயதில் இங்கே வந்தவள். இருபத்தொரு வயது ஆகிவிட்டால் அவள் என் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுவாள். இப்போது இருபது, இருபத்தொன்றுக்கு இன்னும் ஐந்து மாதம்.

இதில் எல்லோரையும் திட்டுவேன், ஒன்றை மட்டும் வெளியே சொன்னதில்லை. மாஸ்டர்ஸ் படித்தவர்களுக்கு இரண்டாம் பிரிவு, மற்றவர்களுக்கு மூன்றாம் பிரிவு. அவளுக்குப் பதினான்கு வயதானபோது அதிசயமாக மூன்றாம் பிரிவின் தேதி முன்னே பாய்ந்தது. என்னோடு ஒரே வருடம் விண்ணப்பித்த ஆபீஸ் நண்பர் வந்து, "பாஸ், யோசிக்காதீங்க. ஈபி த்ரீக்கு டவுன்கிரேட் பண்ணிடுங்க, பசங்களுக்காகவாவது" என்றார்.

"எம்.எஸ். பண்ணிட்டு நான் எதுக்குங்க மூணாம் பிரிவுக்கு இறங்கணும்?" என்று கேட்டேன். அவரும் எம்.எஸ். தான். அவர் இறங்கினார். சில மாதத்தில் அந்தக் கதவு மூடிக்கொண்டது. அவர் வீட்டில் எல்லோருக்கும் கார்டு வந்துவிட்டது, போன வருடம் இனிப்பு கொடுத்தார். அதை வாங்கி டிராயரில் போட்டேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

போன சனிக்கிழமை காலை மகள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். மாணவர் விசாவுக்கு மாறும் விண்ணப்பம். அது கிடைத்தால் படிப்பு முடியும்வரையாவது இங்கே இருக்கலாம். டைப் செய்துகொண்டே, அந்த நண்பரின் பெண்ணுக்கு மட்டும் எப்படிக் கார்டு வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "யூ போத் அப்ளைட் த சேம் இயர், ரைட் அப்பா?"

'நம்ம லக் அப்படி' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆறு வருடமாக அதைத்தான் சொல்லிவந்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "சொல்லுங்க, அவளும் தெரிஞ்சுக்கட்டும்" என்றாள்.

சொன்னேன். முழுவதும் கேட்டாள். "ஸோ, இட் வாஸ் ஜஸ்ட் ஈகோ?"

"ஆமா."

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்கு வரும். அவள் திரையைப் பார்த்து அடுத்த கேள்விக்குப் போனாள். வெளிநாட்டில் உன் முகவரி என்ன என்று அதில் கேட்டிருந்தது. படிப்பு முடிந்ததும் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம்.

"இந்தியால என் அட்ரஸ் என்னப்பா?" என்று தமிழில் கேட்டாள்.

எங்கள் பெயரில் அங்கே ஒன்றும் இல்லை. குரோம்பேட்டையில் என் அண்ணன் இருக்கும் ஃபிளாட்டைப் போடச் சொன்னேன்.

"நான் அங்க போயிருக்கேனா?"

"ஒரு தடவை. நீ செகண்ட் கிரேட் படிக்கறப்போ. பத்து நாள்."

தெருவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன், அவள் டைப் செய்தாள். கதவு எண் எனக்கே நினைவில்லை. அண்ணனுக்கு போன் போட்டேன்.

"எதுக்குடா, பார்சல் ஏதாவது அனுப்பப் போறியா?" என்றார்.

"இல்லண்ணா. நம்பர் மட்டும் சொல்லு" என்றேன். அவள் கீபோர்டில் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.