சிறப்பு விருந்தினர் வருவதற்குள்

ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நான் பெற்ற பயிற்சிகளில் முக்கியமானது தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் திண்டிவனத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறி, கிளியனூருக்கு முன்பாகவே இறங்கி, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டும். திரும்பி வீடு வரும்வரை கழிப்பறை என்ற ஒன்று எங்கும் கிடையாது. பிள்ளைகள் பின்னாலிருந்த சவுக்குத் தோப்புக்கு ஓடிவிட்டு வருவார்கள். தலைமையாசிரியரும் கையைக் கட்டிக்கொண்டு, மரங்களை ஆய்வு செய்யப் போகிறவர்போல அங்கேதான் போய்வருவார். நான் போக முடியாது. சேலை கட்டிய டீச்சர் தோப்புக்குள் போனால் ஊரே நிமிர்ந்து பார்க்கும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து நாங்கள் இரண்டே பேர். தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. பிள்ளைகளை அடிக்க மாட்டார், லீவு போட மாட்டார். ஒரு பள்ளிக்கூடம் ஆண்டு முழுவதும் நடப்பதே அதன் கடைசியில் ஆண்டு விழா நடத்துவதற்காகத்தான் என்று மனதார நம்பினார், அவ்வளவுதான். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே கரும்பலகையைத் துடைத்துவிட்டு, "வரவேற்பு, மாலை, உரை, பரிசு, நன்றி" என்று எழுதிவிட்டார். கடைசி வேலை நாள்வரை அந்தப் பலகையில் வேறு எதுவும் எழுதப்படவில்லை.

சிறப்பு விருந்தினராக வரச் சம்மதித்திருந்தவர் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒரு முதலாளி. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு அடிபடத் தொடங்கியிருந்ததால், அவருக்குத் திடீரென்று கல்விமேல் பாசம் வந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தருவதாகச் சொல்லி, மூட்டையாகக் கட்டி முன்கூட்டியே அனுப்பியும் விட்டார். ஒவ்வொரு பாக்ஸின் மூடியிலும் அவருடைய பெயர் வெட்டியிருந்தது. பெயர் பெரியது, பாக்ஸ் சிறியது. சோற்றைவிடப் பெயருக்குத்தான் அதில் அதிக இடம்.

ஒத்திகைக்கு ஒரு சிறப்பு விருந்தினர் தேவைப்பட்டார். தலைமையாசிரியர் முதல் நாள் தானே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்துகொண்டே பிள்ளைகளை வரிசைப்படுத்த முடியவில்லை. அதனால் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அதில் உட்காரச் சொன்னார். பாட்டும் வராது, டான்ஸும் வராது, வாயும் சும்மா இருக்காது என்று எல்லா நிகழ்ச்சியிலிருந்தும் விலக்கப்பட்டிருந்தவள் அவள். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தார், அம்மா களையெடுக்கப் போவாள்.

அவள் முதலில் கூச்சத்துடன் நுனியில்தான் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் நன்றாகச் சாய்ந்தாள். அதற்கடுத்த நாள் கால்மேல் கால் போட்டாள். மாலை போட்டதும் அதை உடனே கழற்றிப் பக்கத்தில் தர வேண்டும், துண்டால் முகத்தைத் துடைக்க வேண்டும், யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது இல்லாத கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. எங்கோ எந்த மேடையிலோ பார்த்து வைத்திருந்தாள்.

உரையைத் தலைமையாசிரியரே சொல்லிக் கொடுத்தார். எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்க ஒரு மாதிரி உரை வேண்டியிருந்தது. சொந்தக் கற்பனையில் அதைத் தயாரித்தவர், முதலாளி இதையெல்லாம் அறிவித்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையையும் கொஞ்சம் கலந்துவிட்டார். "இப்பள்ளிக்கு என் சொந்தச் செலவில் ஒரு கழிப்பறை கட்டித் தருகிறேன்" என்பதுதான் அதில் பெரிய கைதட்டலுக்கான இடம். தலைமையாசிரியர் துண்டைத் தூக்கினால் தட்ட வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். தினமும் அந்தக் கழிப்பறை அறிவிக்கப்பட்டது. தினமும் பிள்ளைகள் கைதட்டிவிட்டுத் தோப்புக்குப் போனார்கள்.

விழா நாள் வந்தது. மதியம் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த முதலாளி, வெயில் சாயத் தொடங்கியும் வரவில்லை. வேப்ப மரத்தடியில் பந்தல் போட்டிருந்தோம். பந்தலுக்குள் வெயில் வரவில்லை, காற்றும் வரவில்லை. பூசிய ரோஸ் பவுடர் வியர்வையில் வழிந்து, வரவேற்பு நடனப் பெண்கள் எல்லோரும் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள்போல இருந்தார்கள். "சிறப்பு விருந்தினர் இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார்" என்று தலைமையாசிரியர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். இடைவெளியை நிரப்ப வரவேற்பு நடனத்தையே திரும்பத் திரும்ப ஆடவைத்தார். வராத ஒருவரை அந்தப் பிள்ளைகள் வாங்க வாங்க என்று வணங்கிக் களைத்துப் போனார்கள். ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள்.

ரேடியோ செட் போட்டிருந்தவருக்கு அன்று மாலை இன்னோர் ஊரில் காதுகுத்து இருந்தது. அவர் மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயை அவிழ்க்கத் தொடங்கினார். தலைமையாசிரியர் அவரைக் கெஞ்சி இறக்கிவிட்டு, காரை எதிர்கொண்டு அழைத்து வருவதாகச் சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார். கூட்டமும் நானும் எதிரெதிரே நின்றோம்.

தாய்மார்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். மாடு கறக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். அவர்களில் ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், தெனம் அந்தப் பொண்ணுதானே நாற்காலில குந்திகினு இருந்துச்சு? அதையே குடுக்கச் சொல்லுங்க. டப்பாவ வாங்கிகினு நாங்க கெளம்புறோம்."

யோசித்துப் பார்த்தேன். அதில் தவறாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத தலைவலியோடு வேறு எதுவும் தெரியவும் இல்லை. பந்தல் ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்த அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாலை உண்டா டீச்சர்?"

உண்டு என்றேன். முதலாளிக்காக வாங்கிவைத்திருந்த ரோஜா மாலை அவள் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. அதை முறைப்படி கழற்றி என்னிடம் தந்தாள். துண்டு விரித்த நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டாள். பிறகு எழுந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கச் சொன்னாள். குழாயை அவிழ்க்கக் காத்திருந்த ரேடியோ செட்காரரே ஓடிவந்து இறக்கினார். ஒரு வார்த்தை பிசகாமல் பேசினாள். கல்வியின் சிறப்பு, ஒழுக்கத்தின் மேன்மை, எல்லாம் வந்தன. கழிப்பறை வந்தபோது துண்டைத் தூக்க ஆளில்லாமலே பிள்ளைகள் தட்டினார்கள். பிள்ளைகளைப் பார்த்துத் தாய்மார்களும் தட்டினார்கள், இன்னும் பலமாக. "எனக்குத் திண்டிவனத்தில் மற்றுமொரு நிகழ்ச்சி இருப்பதால்" என்று உரையை முடித்தாள்.

பரிசளிப்பு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இத்தனை நாள் அவள் கையிலிருந்து வெறும் காற்றை வாங்கிப் பழகிய பிள்ளைகள், இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து, திரும்பி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். சும்மா நின்று அலுத்துப் போயிருந்த போட்டோகிராபர் உற்சாகமாகி வரிசையாக எடுத்துத் தள்ளினார்.

வாங்கியவர்களில் பலர் வீட்டுக்குப் போயும் விட்டார்கள். அப்போதுதான் கார் வந்தது. முன்னால் சைக்கிளில் வியர்த்து விறுவிறுத்துத் தலைமையாசிரியர். பின்னால் வெள்ளைக் காரில், வெள்ளைச் சட்டையில் முதலாளி. இருந்த பிள்ளைகளின் கையில் டிபன் பாக்ஸைப் பார்த்ததும் தலைமையாசிரியரின் முகம் வெளுத்தது. என்னிடம் கோபப்படக்கூட அவருக்கு நேரம் இல்லை. "பேஜாரா பூடுச்சே டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த பரிசுகளைத் திரும்ப வாங்கப் பாய்ந்தார்.

பெரிய பிள்ளைகள் தந்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாக்ஸின்மேல் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தான். கடைசியில் கைக்குக் கிடைத்தவை சிலவே. ஆனால் தலைமையாசிரியர் நெருக்கடியில் அறிவு வேலை செய்யும் ஆள். மேடையின் வலப்பக்கம் பிள்ளை ஏறி முதலாளியிடம் வாங்கும், இடப்பக்கம் இறங்கியதும் நான் வாங்கிக்கொள்ள வேண்டும், மேடைக்குப் பின்னால் சத்துணவு ஆயா வழியாக அது மறுபடி வலப்பக்கம் போய்விடும். இப்படி ஒரே பாக்ஸை எத்தனையோ பிள்ளைகள் வென்றார்கள். முதலாளி ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து, நல்லாப் படி என்றார். போட்டோகிராபர் என் காதருகே வந்து பிலிம் தீர்ந்துவிட்டது என்றார். வெறும் பிளாஷை மட்டும் அடிக்கும்படி தலைமையாசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அதன்பிறகு வெளிச்சம் தாராளமாக அடித்தது.

முதலாளி பேசினார். கல்வி, ஒழுக்கம் எல்லாம் வந்தன. கழிப்பறை வரவில்லை. அவர் உட்காரப் போனபோது, இடுப்பில் பிள்ளையோடு நின்ற அதே அம்மா குரல் கொடுத்தாள்.

"இப்பதான் அந்தப் பொண்ணு மைக்குல சொல்லுச்சு, நீங்க கக்கூஸ் கட்டித் தர்றீங்கன்னு. நீங்க ஒண்ணும் சொல்லாம குந்திக்கினீங்களே."

முதலாளி தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் பந்தலின் கூரையைப் பார்த்தார். கூட்டத்தில் எல்லோருமே வோட்டு உள்ளவர்கள். ரேடியோ செட்காரர் காதுகுத்தை மறந்து, மைக்கைச் சரியாக அவர் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"கட்டித் தர்றேன்" என்றார் முதலாளி. தலைமையாசிரியர் பழக்க தோஷத்தில் துண்டைத் தூக்கினார். பிள்ளைகள் தட்டினார்கள்.

மே மாத விடுமுறையில் அது கட்டியும் முடிந்துவிட்டது. கதவுக்கு மேலே முதலாளியின் பெயர், தூரத்தில் பஸ்ஸிலிருந்தே படிக்கும் அளவுக்கு. ஜூனில் பள்ளி திறந்ததும் நடந்த திறப்பு விழாவுக்கு அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தார். அவர் போனதும் தலைமையாசிரியர் அதைப் பூட்டிச் சாவியை மேசை டிராயரில் போட்டுவிட்டார். பசங்க அசிங்கம் பண்ணிடுவாங்க, அதிகாரிங்க வந்தா திறந்து காட்டலாம் என்பது அவர் எண்ணம். நான் போய்ச் சாவியைக் கேட்டேன்.

"உங்களுக்கா டீச்சர்?" என்றார். அவர் நடிக்கவில்லை, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். ஒரு வருடமாக எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கும் அப்படி ஒரு தேவை இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. பிறகு அவர் முகம் மாறியது. சாவியை எடுத்துத் தந்துவிட்டு, பிள்ளைகளும் போகட்டும் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்த வாரம், நாற்காலியில் உட்கார்ந்து உரையாற்றிய அந்தப் பெண் மாற்றுச் சான்றிதழ் வாங்க அப்பாவுடன் வந்தாள். பக்கத்து ஊரில் ஆறாம் வகுப்பில் சேரப் போகிறாள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவதற்குள் அவள் எழுந்து புதுக் கட்டடத்தைச் சுற்றி வந்தாள். உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள், திறந்தாள், வெளியே வந்தாள். நேராக அவர் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், தாழ்ப்பாள் மேல வெச்சிக்கிறாங்க. எனுக்கே எட்டல, ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு எப்டி எட்டும்? கீழ வெக்கச் சொல்லுங்க."

அப்பா பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் கையில் சான்றிதழைக் கொடுத்த தலைமையாசிரியர், ஆசாரியை வரச் சொல்கிறேன் என்று அவளுக்குப் பதில் சொன்னார். ஓர் அதிகாரிக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். இருவரும் மல்லாட்டைக் கொல்லை வரப்பில் இறங்கி, ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். அப்பா ஏதோ கண்டித்துக்கொண்டே போனார். அவளும் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே போனாள்.