நைனாவின் சொற்கள் இருந்த பக்கம்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர் என் அப்பா; நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. ஒரு மாதம் கழித்து, நான் கஞ்சி ஊட்டும்போது, "புத்தலப்பட்டு" என்றார். பஸ் நிற்கும் ஊர்தான் முதலில் அவர் வாய்க்குத் திரும்பி வந்தது.

தம்பி அமெரிக்காவில் ப்ரோகிராமர். தினமும் போன் செய்து, "இன்னிக்கு இன்னா சொன்னாரு?" என்பான். பெங்களூர் சித்தப்பாவும் குவைத் அத்தையும் அதையே கேட்டார்கள்.

"ஒரு விக்கி வெச்சிக்கலாங்கா. எல்லாரும் ஒரே பக்கத்துல படிக்கலாம், எழுதலாம். அஞ்சு நிமிச வேலை" என்றான் தம்பி. இணையத்தில் இடம் வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை அமைத்துத் தருகிறேன் என்றான். மூன்று ஞாயிறு போயிற்று. நானே உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்தது டைப்பிங் மட்டும். ஹோஸ்ட் எது என்று திரை கேட்டது. எந்த ஊர் என்று கேட்கிறதாக்கும் என்று யோசித்து, சித்தூர் என்று அடித்தேன். ஏற்கவில்லை. பாஸ்வேர்ட் தப்பு என்றது, அனுமதி இல்லை என்றது, பிறகு ஒன்றுமே சொல்லாமல் வெள்ளையாக நின்றது. பின்னால் கட்டிலில் நைனா எதையோ சொல்ல முயல்வார். "இரு நைனா, தோ வந்துட்டேன்" என்பேன். நான் திரும்பும்போது களைத்துக் கண்ணை மூடியிருப்பார். அந்தப் பதினோரு நாளில் எத்தனை சொல் வந்து போயிற்றோ.

பன்னிரண்டாம் நாள் பக்கம் திறந்தது. வரிக்கு ஒரு சொல்லாக எழுதினேன். சந்திரகிரி. நீள்ளு, தெலுங்கில் தண்ணீர். சில்லறை. பக்கம் வந்த பிறகு போன்கள் குறைந்தன. அதுதான் எழுதியிருக்கிறதே என்று எல்லோரும் நினைத்திருக்கலாம்.

ஒரு நாள், புதுப் பதிப்பு வந்திருக்கிறது, மாற்றவா என்று திரை கேட்டது. சரி என்று அமுக்கினேன். தமிழ் முழுவதும் எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறிகளாக மாறிவிட்டது. எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் நைனாவுக்கு மறுபடி பக்கவாதம் வந்து உயிர் போய்விட்டது.

தகனம் முடிந்த மூன்றாம் நாள்தான் தம்பியால் வர முடிந்தது. வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

"பேக்கப் எடுத்தியாக்கா?"

"அப்டின்னா இன்னாடா?"

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் ஏதேதோ செய்து பார்த்தான். ஒரு எழுத்தும் திரும்பவில்லை.

"என் பேர சொன்னாராக்கா?"

"சொன்னாருடா. ஒரே ஒரு தபா. அன்னிக்கே எழுதிட்டேன்."

"நான் ரொம்ப நாளா பக்கத்தையே தெறக்கல" என்றான். பிறகு விரலை வைத்து எண்ண ஆரம்பித்தான். "என் பேருக்கு ஆறு கேள்விக்குறி வரணும். ஆறு குறி இருக்கிற வரி நாலு இருக்குதுக்கா. இதுவா? இதுவா?"

எனக்குத் தெரியவில்லை. நாலு வரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.