முன் இடது சக்கரம்

டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்ட கடைக்காரர், "டயருக்குள்ள காத்தளக்கற சென்சாருக்குப் புது எடத்தப் பதிஞ்சு குடுக்கோணுங்க, பத்தே நிமிசமுங்க" என்றார். பொள்ளாச்சியில் தங்கை மகளுக்குச் சீர். தாய்மாமன் நான் போகாமல் நடக்காது. அவசரமென்றால் எனக்குக் காது அடைத்துவிடும். "அப்பறம் வாரேனுங்க" என்று, மகளைப் பின் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிணத்துக்கடவு தாண்டியதும் காரின் திரையில் முன் இடது சக்கரம் சிவந்தது: முப்பதுக்கு மேல் இருக்க வேண்டிய காற்று இருபது. பதறி ஓரங்கட்டி, காரிலிருந்த பம்பால் அதற்குக் காற்றடித்தேன். எண் ஏறவில்லை. பத்தொன்பது, பதினெட்டு என்று இறங்கியது. இன்னும் அடித்தேன். டயர் கல்லாய் இறுகியிருந்தது.

அப்போதுதான் கடைக்காரர் சொன்னது உறைத்தது: முன்னாலிருந்த சென்சார் டயரோடு பின்னால் போய்விட்டது, திரைக்கு அது தெரியாது. பின்பக்கம் ஓடினேன். காற்றிறங்கி நசுங்கிக் கிடந்த டயருக்கு மேலே, கண்ணாடியில் கன்னத்தை அழுத்தி என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.