மாமாவின் வெள்ளை வாளி

எங்கள் தெப்ராவ் வீட்டில் மாமாவின் வெள்ளை வாளிக்கு இருந்த மரியாதை எனக்கும் தம்பிக்கும் இருந்ததில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகும்வரை எங்களோடுதான் இருந்தார். தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவர், ஒருநாள் வீட்டிலேயே பியர் காய்ச்சும் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினார். அடியில் குழாய் வைத்த மூடி போட்ட வாளி, நீளக் கரண்டி, ஒரு பாட்டில் கிருமிநாசினி. வாளியைத் தொட வேண்டுமென்றால் முழங்கை வரை கழுவியாக வேண்டும். ஆபரேஷன் செய்கிற டாக்டர்கூட அவ்வளவு கழுவியிருக்க மாட்டார்.

முதல் முறை பியர் அருமையாக வந்தது. அடுத்த இரண்டு முறையும் புளித்து நாறியது.

"மச்சான், இது பியர் இல்ல லா, ரசம். மல்லித்தழை போட்டா சோத்துல ஊத்திக்கலாம்," என்றார் அப்பா.

மீன் தொட்டி, கித்தார் என்று மாமா பாதியில் விட்ட எல்லாமே அன்றைக்குப் பேச்சில் வந்தன. முகம் சுண்டிப்போன மாமா, தீபாவளிக்கு வருகிற சொந்தக்காரர்களுக்குத் தன் பியரைத்தான் ஊற்றுவேன் என்று சபதம் போட்டார். அதுவும் புளித்தால் வாளி பழைய சாமான் லாரிக்குத்தான் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கெட்ட பியரை மாமா பின்வாசல் கால்வாயில் கொட்டியபோது, அந்த வாடையே ஆகாத அம்மா குனிந்து முகர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"என்னா அக்கா?"

"ஒண்ணுமில்ல. நீ போய்க் குளி."

மறுநாள் மாமா வேலைக்குப் போனதும் அம்மா வாளியைக் கவிழ்த்துக் குழாயைத் திருகிக் கழற்றினாள். மாமாவின் சபதத்தைக் கெடுக்கத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். குழாயின் மரைக்குள் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. அதை நகத்தால் சுரண்டி என் மூக்கருகே நீட்டினாள். இட்லி மாவு!

முதல் பியருக்குப் பிறகு வந்த தம்பியின் காதுகுத்துக்கு ஊரையே அழைத்திருந்தோம். மாவு புளிக்கவைக்கப் பாத்திரம் போதாமல், மாமா இல்லாத நேரம் பார்த்து அம்மா இந்த வாளியில் ஊற்றிவைத்திருந்தாள். பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்றும் ஆக்கிவிட்டாள். குழாயைக் கழற்றத் தோன்றவில்லை. மாமாவும் புதுக் குழாய்தானே என்று அதைக் கழற்றியதில்லை. அவர் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் மரைக்குள் ஒளிந்திருந்த மாவுக்கு அது எட்டவேயில்லை.

அம்மா குழாயைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரில் போட்டு, மாமாவின் கிருமிநாசினியில் ஊறவைத்து மறுபடி மாட்டினாள். அது கொஞ்சம் கோணலாக நின்றது.

"மாமாகிட்ட மூச்சு விடாத."

சாயந்திரம் மாமா கோணல் குழாயைப் பார்த்தார். கழுவுதொட்டியில் மாவு அப்பிக் கிடந்த பிரஷ்ஷை எடுத்து முகர்ந்தார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குழாயை நேராக்கிவிட்டுச் சீட்டியடித்தபடி கைகளைக் கழுவப் போனார்.

தீபாவளியன்று செனாயிலிருந்து பெரியப்பா குடும்பமும் வந்திருந்தது. மாமா முதல் பாட்டிலைத் திறந்ததும் உஸ்ஸென்ற சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பொன் நிறத்தில் இறங்கி, மேலே வெள்ளையாக நுரைத்து நின்றது. அப்பா ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு. பிறகு காலி கிளாஸை மாமாவிடம் நீட்டினார்.

"அலமாக்! கடைச் சரக்கு தோத்துச்சு லா!" என்று பெரியப்பா ஆச்சரியத்தில் கத்தினார். மாமா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரவேற்பறையைச் சுற்றி ஆடினார். வாளியை இனி யாரும் தொட முடியாது என்று எனக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. குழாய் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் ஊருக்குப் போய் அம்மாவுக்குச் சேலை எடுத்துவருவார். அந்த வருடம் சேலையைப் பெரிய மூடிவாளி ஒன்றின் மேல் வைத்து நீட்டினார். அதில் குழாய் இல்லை.

"மாவுக்கு வச்சுக்க அக்கா."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஜெயித்தவர் எதற்கு வாளி வாங்கித் தருகிறார், ஒரு பிளாஸ்டிக் வாளிக்குப் போய் அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அன்றைக்கு ஒன்றுமே விளங்கவில்லை.